தொடையிடுக்கு அரிப்பு 2 மாதமாகப் போகவில்லை. களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

ஆம், இந்த வாரமே பாருங்கள். அதற்கு முன் அந்த ட்யூபில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டால் பூஞ்சை மருந்தோடு இதையும் கலந்த ட்யூபைக் கொடுத்துவிடுவது நம் ஊரில் சகஜம். ஸ்டீராய்டு 2 நாளில் அரிப்பை அடக்கும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். அதனால்தான் நிறுத்தியதும் படர்தாமரை இன்னும் அகலமாகத் திரும்புகிறது. மடிப்புத் தோல் மெல்லியது, மருந்தை அதிகமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் போட்டால் விழும் கோடுகள் பிறகு மறையாது. நிறுத்திய முதல் சில நாள் அரிப்பு கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி அதையே எடுத்துப் பூசாதீர்கள்.

அரிப்பு எந்த இடத்தில் என்று கவனியுங்கள். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து தொடைப்பக்கம் பரவினால் பெரும்பாலும் படர்தாமரை. அது விதைப்பையை அநேகமாகத் தொடாது. டாக்டர் தோலை லேசாகச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும். பூஞ்சைக் களிம்பை ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும், தோல் தெளிந்த பிறகும் குறைந்தது 2 வாரம் தொடர வேண்டும். இந்தியாவில் இப்போது டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியாத பூஞ்சை பரவியிருப்பதால் பலருக்கு மாத்திரையும் தேவைப்படுகிறது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்தோலுக்கு அடியில் சிவந்து, வெள்ளையாகப் படிந்து எரிந்தால் அது கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். அடிக்கடி வந்தால் சுகர் பாருங்கள். சுகர் இருப்பதே சிலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் இது அதிகம் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

இரவில் தூங்கவிடாத அரிப்பு, ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் சிறு முடிச்சுகள், வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றால் பெரும்பாலும் சிரங்கு. 5% பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும். சிரங்குப் பூச்சி செத்த பிறகும் முடிச்சு சில வாரம் அரிக்கும், அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

டெட்டால் ஊற்றிக் கழுவுவது இவை எல்லாவற்றையும் மோசமாக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காய்ந்தபின் உடுத்துங்கள்.

அரிப்பே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டியவை உண்டு: வலிக்காத புண், வெள்ளைத் திட்டோடு முன்தோல் இறுகுவது, 3 வாரத்தில் ஆறாத சிவந்த திட்டு அல்லது கட்டி. கடைசி இரண்டுக்கும் சதைப் பரிசோதனை (பயாப்சி) தேவைப்படலாம். புற்றுநோய் இப்படியும் தொடங்கும். பின்னால் போன முன்தோல் திரும்ப வராமல் வீங்கினாலோ, காய்ச்சலோடு விதைப்பைப் பகுதி வீங்கிக் கடுமையாக வலித்தாலோ, தோல் கறுத்தாலோ, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைத் தினமும் பார்க்கிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இதுவரை போட்ட ட்யூப் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை தன் வழக்கமான உருவத்தில் இருக்காது, அந்த ட்யூப்தான் டாக்டருக்கு வழிகாட்டும்.