தொழிற்புரட்சிக் காலத்துச் சிற்றூர்களில் முதலாளி, தொழிலாளி பகை அவ்வளவு முற்றியதற்குக் கூலி மட்டும்தான் காரணமா?

கூலி ஒரு காரணம். ஆனால் பகை முற்றியதற்குப் பெரிய காரணம், ஒரே கை எல்லா இடத்திலும் இருந்தது. பெரிய நகரத்தில் சம்பளம் தருபவர் ஒருவர், வீட்டு வாடகை வாங்குபவர் வேறொருவர், மளிகைக் கடைக்காரர் இன்னொருவர், வழக்கு விசாரிப்பவர் மற்றொருவர். ஒரே ஆலையை, ஒரே சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊரில் இந்த நாலும் ஒரே ஆள், அல்லது அவருக்கு வேண்டியவர்கள். அங்கே கூலிக்காகச் சண்டை போட்டால் அன்றைக்கே வீடு, அரிசி பருப்பு, சட்டம் எல்லாம் சண்டைக்குள் வந்துவிடும்.

பிரிட்டனில் இதற்குத் தெளிவான சான்று 1844-ல் டர்ஹம், நார்தம்பர்லாந்து பகுதியில் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம். சுரங்கத் தொழிலாளி குடியிருந்தது நிர்வாகத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தம் நீண்டதும் ஆட்களை அனுப்பித் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள். குடும்பங்கள் சாலையோரம் கூடாரம் போட்டுக் கிடந்தன. அதோடு நிற்கவில்லை. சுரங்க முதலாளியான லண்டன்டெரி பிரபு, தன் ஊரான சீஹத்தின் கடைக்காரர்களை எச்சரித்தார்: வேலைநிறுத்தம் செய்பவனுக்குக் கடன் கொடுக்கிற கடையை நாங்கள் குறித்து வைத்துக்கொள்வோம் என்று. கடைக்காரர் தொழிலாளியும் அல்ல, முதலாளியும் அல்ல. ஆனாலும் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே வேலைநிறுத்தம் தோற்றது.

முதலாளியின் கடைதான் பகை தினந்தோறும் புகைந்த இடம். அது நடந்த விதம் இப்படி. சம்பளம் மாதம் ஒருமுறை. சில ஊர்களில் இன்னும் தள்ளி. இடையில் அடுப்பெரிய முன்பணம் கேட்டால் காசுக்குப் பதிலாகச் சீட்டு தருவார்கள். சீட்டு முதலாளியின் கடையில் மட்டும்தான் செல்லும், அங்கே விலையும் வெளியே இருப்பதைவிடக் கூடுதல். செருப்புக்கோ வைத்தியத்துக்கோ ரொக்கம் வேண்டுமென்றால், அந்தக் கடையில் வாங்கிய சர்க்கரையை வெளியே நட்டத்துக்கு விற்றாக வேண்டும். சம்பள நாளில் பற்றுக் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். அன்று மாலையே மறுபடி சீட்டு.

கூலியை நாணயமாகத்தான் தர வேண்டும் என்று 1831-ல் சட்டம் வந்தது. ஏய்ப்பதற்கு அதிக மெனக்கெடல் தேவைப்படவில்லை. ஒரு ஜன்னலில் காசைக் கொடுப்பது, பக்கத்திலேயே கடையை வைப்பது, அங்கே செலவழிக்காதவனுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்பது. புகார் கொடுக்கலாம்தான். ஆனால் யாரிடம்? மாஜிஸ்திரேட் பெரும்பாலும் உள்ளூர் நிலப்பிரபு அல்லது ஆலை முதலாளியின் உறவு வட்டம். 1823-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. கூலி தராத முதலாளிமேல் போடக்கூடியது சிவில் வழக்கு மட்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 1875 ஆகியது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் மெர்தர் டிட்வில் கலகம் புரியும். வேல்ஸின் அந்த இரும்பாலை ஊர் அப்போதே பெருத்துவிட்டது, ஆனால் நகராட்சி கிடையாது. 1831 மே மாதம் கூலி குறைக்கப்பட்டது. அதே நாட்களில் கடன் நீதிமன்றத்தின் ஆட்கள் வீடு வீடாக ஜப்தி செய்துகொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் திரண்ட கூட்டம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். ஜப்தியான பெட்டி, படுக்கைகளைத் தேடிப் பிடித்து உரியவர் வீட்டில் திரும்ப வைத்தது. நீதிமன்றத் தலைவர் ஜோசப் காஃபினின் வீட்டைச் சூறையாடிக் கணக்கு ஏடுகளைக் கொளுத்தியது. உலையை உடைக்கப் போகவில்லை. மறுநாள் காஸில் இன் விடுதி முன் படைவீரர்கள் சுட்டதில் குறைந்தது 16 பேர் செத்தார்கள். டிக் பெண்டெரின் என்ற இளைஞரை அந்த ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். படைவீரன் ஒருவனைக் காலில் குத்தியதாகக் குற்றச்சாட்டு. வேல்ஸ் மக்கள் இன்றும் அவரை நிரபராதி என்றே சொல்கிறார்கள், அந்த நம்பிக்கையில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

இயந்திரத்தை உடைத்தவர்கள் இருந்தார்கள்: 1812-ல் யார்க்‌ஷயரின் கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரித்துச் சமப்படுத்துபவர்கள். ஏறத்தாழ 18 கிலோ கத்தரிக்கோலைக் கையாண்டு மணிக்கட்டில் காய்ப்பு ஏறியவர்கள். அந்தக் காய்ப்பை வைத்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம். கத்தரிக்கும் இயந்திரத்தைச் செய்தது மார்ஸ்டன் ஊரின் டெய்லர் சகோதரர்கள் பட்டறை. அதை உடைத்த சம்மட்டியும் அதே பட்டறையில் அடித்ததுதான். ஊர் அவ்வளவு சிறியது.

கடையின் பிடியை உருப்படியாகத் தளர்த்தியவர்கள் இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் நெசவாளர்களும் அவர்களோடு சேர்ந்த மற்றத் தொழிலாளிகளும். வாரம் இரண்டு மூன்று பென்ஸ் சேர்த்து, 28 பேர் 28 பவுண்டு முதல் போட்டு, 1844 டிசம்பர் 21 அன்று டோடு லேன் தெருவில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும், லாபம் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்ப வரும். கடனும் கிடையாது. பற்றேட்டின் கொடுமையை அறிந்தவர்கள் வைத்த விதி அது. ஆனால் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தவர்களிடம் ரொக்கம் ஏது? அந்தக் கடையின் படியேற முடியாமல் போனவர்களும் அவர்கள்தான்.