“ஆன்ட்டி, சீரியல் டைம் ஆச்சு!”

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 47. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பெரும்பாலும் 22, 23 வயதுப் பிள்ளைகள். நான் எழுந்து கேள்வி கேட்டால் பின்வரிசையில், “ஆன்ட்டி, சீரியல் டைம் ஆச்சு” என்று குரல் வரும். வாட்ஸாப் குழுவில் எதைக் கேட்டாலும் பதில் கிடையாது. மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சிக்கு என்னோடு ஜோடி சேர்த்த பையன் போனையே எடுப்பதில்லை. பல நாள் வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை. நின்றுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்காதீர்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது வரம்பை, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2016இல் மறுபடி கொண்டுவந்தபோது, உச்ச நீதிமன்றம் 2017இல் அதற்குத் தடை விதித்தது. உங்களைப் போன்றவர்கள் படிப்பதற்காக நடந்த சண்டை அது. அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் அதே உரிமையோடுதான் நீங்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வகுப்பைத் தவிர்ப்பதை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. தக்க காரணம் இருந்தால் 65 வரை முதல்வர் விட்டுக்கொடுக்கலாம்; அப்போதும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 இருக்க வேண்டும். கேலிக்குப் பயந்து வீட்டிலிருந்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

அடுத்தது மூட் கோர்ட். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு மூட்டுக்கும் 10 மதிப்பெண்: எழுத்து வாதத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5. வேலையைப் பக்கக் கணக்கில் பிரித்தால் உங்கள் ஜோடி எழுதாத பக்கங்கள் உங்கள் தலையில் விழும். எழுவினாக்களின்படி, அதாவது வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளின்படி பிரியுங்கள். நான்கு எழுவினா என்றால் ஆளுக்கு இரண்டு. அவரவர் எழுவினாவுக்கு அவரவரே எழுதி, அவரவரே வாதாட வேண்டும். பொருண்மைச் சுருக்கம் (வழக்கின் சம்பவங்கள்), அதிகார வரம்பு, வேண்டுதல் (நீதிமன்றத்திடம் கேட்பது) ஆகிய பொதுப் பகுதிகளை நீங்களே எழுதிவிடுங்கள், ஒரு மாலை வேலைதான். பிரித்த விவரத்தையும் முதல் வரைவுக்கான தேதியையும் அவருக்கு ஒரே செய்தியாக அனுப்புங்கள். அந்தத் தேதி, சமர்ப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாக இருக்கட்டும். அன்றும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்தச் செய்தியைக் காட்டிப் பொறுப்பாசிரியரிடம் வேறு ஜோடி கேளுங்கள். முந்தைய நாள் இரவு போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாட்ஸாப் குழுவில் கேள்வி கேட்பதை விட்டுவிடுங்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் பதில் சொல்வது யாருக்கும் பொறுப்பில்லை. அந்த மௌனம் எல்லாமே அவமதிப்பு என்று நினைக்க வேண்டாம். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள், அகமதிப்பீட்டுத் தேதி போன்றவற்றை அலுவலக அறிவிப்புப் பலகையிலேயே பார்த்துவிடலாம். மற்றதற்கு இரண்டு பேர் போதும். மூன்றாண்டு வகுப்புகளில் போலீஸ்காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் இருப்பது வழக்கம். முதலில் அவர்களைத் தேடுங்கள். முன்வரிசையில் ஒழுங்காகப் படிக்கும் ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைக் கையில் வைத்துப் பார்த்த பழக்கம் உங்களுக்கு இருக்கும், அவளுக்கு இருக்காது. ஆவணம் எழுதும் பாடத்துக்கு அவள் உங்களைத் தேடி வருவாள்.

‘ஆன்ட்டி’க்கு வருவோம். அதைச் சொல்பவரிடம் தனியாக, இடைவேளையில், “என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லாட்டி அக்கான்னு கூப்பிடுங்க” என்று ஒரே முறை சொல்லுங்கள். வகுப்பில் வைத்துச் சொன்னால், கூட்டத்தின் முன்னால் அவர் பின்வாங்க மாட்டார். “என் பிள்ளை வயசு உனக்கு” என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சொன்ன நொடியில் சக மாணவி என்ற இடத்தை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சொல்லியும் அதே ஆட்கள் தொடர்ந்தால் பொறுத்துப் போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிகள் புதியவர்களுக்கு மட்டுமானவை என்று பலர் நினைக்கிறார்கள். எந்த மாணவரையும் சொல்லாலோ செயலாலோ கேலி செய்வதும் முரட்டுத்தனமாக நடத்துவதும் அந்த வரையறைக்குள் வரும். நாள், பாடவேளை, சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும் முதல்வருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். “மரியாதை இல்லை” என்று பொதுவாக எழுதினால் மேசையிலேயே கிடக்கும். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.