கசடும் கழிவுநீரும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

கேள்வி: பக்கத்து நகராட்சியின் பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் காயவைத்த கசடை டிராக்டர் லோடு கணக்கில் தருகிறார்கள். தென்னைக்குப் போடலாமா? சுற்றுவட்டாரத்தில் தோல் பட்டறைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது. எதையெல்லாம் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்?
– வேலூர் மாவட்ட வாசகர்

பதில்: பயம் நியாயமானது. கசடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். தோல் பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு என்றால் பரிசோதனையே வேண்டாம், வாங்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் நிலையம் என்றாலும், இரவில் யாராவது ஆள்துளையில் லாரிக் கழிவைத் திறந்துவிட்டிருக்கலாம். அதனால் உலோகங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

உர ஒழுங்கு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வைத்திருக்கும் வரம்பையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். கிலோவுக்கு மில்லிகிராமில்: ஆர்சனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, செம்பு 300, ஈயம் 100, நிக்கல் 50, துத்தநாகம் 1000, பாதரசம் 0.15. ஏக்கருக்கு 5 டன் உலர் கசடு போட்டால், வரம்பை ஒட்டிய 50 மி.கி. அளவிலேயே 250 கிராம் குரோமியம் மண்ணில் சேர்ந்துவிடும். அது மட்கிப் போகாது, ஆவியாகவும் போகாது. ஆண்டுதோறும் போட்டால் ஆண்டுதோறும் கூடும். ஆகவே முதல் லோடு இறங்குமுன் உங்கள் மண்ணையும் ஒருமுறை பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். குவியலின் மேலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் அந்த ரிப்போர்ட் அந்தக் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். எட்டுப் பத்து இடங்களில் மேலிருந்து அடிவரை எடுத்து, பாலித்தீன் தாளில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்துத் தட்டையாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியமும் நிக்கலும் உண்டு. பிளாஸ்டிக் அல்லது மரக்கரண்டி போதும். உலர்படுகையின் அடி மணலைச் சேர்த்துச் சுரண்டாதீர்கள். மணல் கலந்தால் எண் குறையும், விஷம் குறையாது.

ரிப்போர்ட் வந்ததும் ‘உலர் எடை அடிப்படையில்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிழிந்த கசடில் 80 சதவீதம் தண்ணீரே இருக்கும். ஈர எடையில் குரோமியம் 30 என்று வந்தால் 50க்குக் கீழேதானே என்று தோன்றும். ஆனால் திடப்பொருள் 20 சதவீதம் என்பதால், 30ஐ 0.20ஆல் வகுத்தால் 150. வரம்பைப் போல மூன்று மடங்கு. பாதரசத்துக்கான பங்கை மட்டும் 105 டிகிரியில் உலர்த்தக் கூடாது, சூட்டில் ஆவியாகிவிடும். அதை ஈரமாகவே எடுத்து, ஈரப்பதத்தைத் தனியாகக் கண்டு கணக்கிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே கழிவுநீர். எங்கள் லேபில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் (ஆறு இணைதிறன் கொண்ட, நச்சு மிகுந்த வகை) இருக்கிறது என்று வருகிறது, வெளி லேபில் இல்லை என்று வருகிறது. எதை நம்புவது?
– சுத்திகரிப்பு நிலைய ஊழியர், ராணிப்பேட்டை

பதில்: இரண்டுமே தவறாக இருக்கலாம். வெளி லேபுக்குப் போன பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டிருந்தீர்களா? மொத்தக் குரோமியத்துக்கு அது அவசியம். லிட்டருக்குச் சுமார் 1.5 மில்லி விட்டு, பி.எச். 2க்குக் கீழே இறங்கியதா என்று தாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதே அமிலத்தில், நீரிலுள்ள கரிமப் பொருளும் சல்பைடும் ஹெக்சாவேலன்ட்டை டிரைவேலன்ட்டாக (மூன்று இணைதிறன் கொண்ட, நச்சு குறைந்த வகையாக) மாற்றிவிடும். டைபினைல்கார்பசைடு முறை ஹெக்சாவேலன்ட்டை மட்டுமே காட்டும். மாறிப்போனது அதன் கண்ணில் படாது. எனவே பாட்டில் இரண்டு வேண்டும். இரண்டாவதில் அமிலம் கூடாது. 0.45 மைக்ரான் தாளில் அங்கேயே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

இனி உங்கள் லேப். 540 நானோமீட்டரில் ஊதா நிறத்தைத்தான் அளக்கிறீர்கள். தோல் கழிவுநீரின் பழுப்பும் அங்கே கொஞ்சம் ஒளியை விழுங்கும். வினைப்பொருள் மட்டும் சேர்க்காத அதே மாதிரியை அளந்து கழித்தீர்களா? அடுத்து, மாதிரியின் ஒரு பங்கில் லிட்டருக்கு 0.1 மி.கி. ஹெக்சாவேலன்ட் குரோமியத்தை நீங்களே சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். சேர்த்தது திரும்ப வரவில்லை என்றால் அந்த நீரே அதை மாற்றிக்கொண்டிருக்கிறது, ‘இல்லை’ என்ற முடிவுக்கும் அப்போது அர்த்தமில்லை. நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு ஹெக்சாவேலன்ட் வரம்பு லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி. பதனிடும் குரோம் உப்பு டிரைவேலன்ட்தான் என்பதால் ஹெக்சாவேலன்ட் சொற்பமாகவே இருப்பது இயல்பு. அந்தச் சொற்பத்தை அளக்கத்தான் இத்தனை கவனம்.

கேள்வி: ஆர்.ஓ. வடிகட்டி கழித்துவிடும் உப்பு நீரின் (ரிஜெக்ட்) சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) நாளுக்கு நாள் தாறுமாறாக வருகிறது. உப்பு காரணமா?
– சாயக் கழிவுநீர் நிலைய ஊழியர், திருப்பூர்

பதில்: ஆம், குளோரைடுதான். பரிசோதனையில் கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யச் சேர்க்கும் டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ஒரு மி.கி. குளோரைடு முழுவதும் ஆக்சிஜனேற்றமானால் 0.226 மி.கி. பொய் சி.ஓ.டி. வரும். லிட்டருக்கு 10,000 மி.கி. குளோரைடு என்றால் 2,260 வரை ஏறும். வினையூக்கியான சில்வர் சல்பேட்டும் சில்வர் குளோரைடாகப் படிந்து வீணாகும்.

20 மில்லி மாதிரிக்கு குளோரைடைக் கட்டிவைக்கும் மெர்குரிக் சல்பேட் 0.4 கிராம் போட்டால் லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு வரை தாங்கும். அதை முதலில் போட்டு, கொஞ்சம் அமில வினைப்பொருள் விட்டுக் கரைத்து ஆறவைத்த பிறகே டைகுரோமேட் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினாலும் எண் மாறும். குளோரைடு அதற்கு மேல் போனால் நீர்த்துத்தான் ஆக வேண்டும். பத்து மடங்கு நீர்த்தால் பிழையும் பத்து மடங்காகும், ஆகவே மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு கரைத்த காய்ச்சி வடித்த நீரை மாதிரியாக வைத்து ஓட்டுங்கள். சுழிக்குப் பக்கத்தில் வராவிட்டால் அன்றைய எண்களை எழுதாதீர்கள். பரிசோதனை முடிந்த திரவத்தில் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் உண்டு. தயவுசெய்து தொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கேனில் சேர்த்து அபாயக் கழிவாகவே அனுப்புங்கள்.

கேள்வி: தண்ணீர் ஒட்டாத பூச்சுகளில் வரும் ஃப்ளோரின் ரசாயனங்களான பி.எஃப்.ஏ.எஸ். வகைகளுக்கும் பூச்சிமருந்துக்கு எடுக்கும் பாட்டிலே போதுமா?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: போதாது. பூச்சிமருந்துக்கு டெஃப்லான் உள்மூடி போட்ட பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் சரி. பி.எஃப்.ஏ.எஸ். பரிசோதனையில் டெஃப்லானே ஆகாது, அதுவே அந்தக் குடும்பத்துப் பொருள். கண்ணாடிச் சுவரிலும் இவற்றில் சில ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலித்தீன்) பாட்டில் எடுங்கள். தண்ணீர் ஒட்டாத பூச்சுள்ள மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மாதிரி எடுக்கப் போகாதீர்கள். அளவு லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் வருவதால், லேபிலிருந்தே கொண்டுபோன தூய நீரை அந்த இடத்தில் பாட்டிலில் மாற்றி, அதையும் மாதிரியோடு சேர்த்துப் பரிசோதிக்கக் கொடுங்கள்.