பிஎஸ்சி அக்ரி படிச்சா நாலு வருஷமும் வயல்ல தான் நிக்கணுமா?

அப்படிலாம் இல்லங்க. வயல் உண்டு, ஆனா அது ஒரு பங்கு தான். உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியல், பொருளாதாரம்னு எல்லாம் கலந்து வரும், பிளஸ் டூல கெமிஸ்ட்ரிய பாத்து ஓடுனவங்களுக்கு மண் பாடம் கொஞ்சம் கஷ்டம் தான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது பயிர் இனப்பெருக்கம். கோயம்புத்தூர்ல 1912ல கரும்பு ஆராய்ச்சிக்குனே ஒரு நிலையம் ஆரம்பிச்சாங்க, அங்க பார்பர், வெங்கட்ராமன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இனிப்பா இருக்கற தடிக் கரும்ப எடுத்து, சர்க்கரையே பெருசா இல்லாத ஆனா வறட்சி, நோய்னு எல்லாத்தயும் தாங்குற காட்டு நாணலோட கலப்பு பண்ணாங்க, கேக்கவே கிறுக்குத்தனமா இருக்குல்ல, ஆனா அதுல வந்த கோ 205 ரகம் 1918ல பஞ்சாப் பக்கம் வயலுக்கே போயிடுச்சு. ரகம் பேர்ல வர்ற "கோ" கோயம்புத்தூர் தான்.

கடைசி வருஷம் கிராமத்துல தங்கி விவசாயிங்க கூட வேல பாக்கணும், அப்ப தான் புக்குல படிச்சது எவ்ளோ ஒத்து வருதுனு தெரியும். தமிழ்நாடு வேளாண் பல்கலைல சேர நீட் தேவையில்ல, பிளஸ் டூ மார்க் போதும். முடிச்சா டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர், பேங்க்ல அக்ரி ஆபீசர்னு எழுதலாம், போட்டி மட்டும் செம டைட்டு.