வார்டுக்குள் விடாத காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் பாலியேட்டிவ் கேர் (கடும் நோயில் இருப்பவர்களின் வலியையும் தவிப்பையும் தணிக்கும் பராமரிப்பு) கற்றுக்கொடுக்க முடியுமா?

பெருந்தொற்று முடியட்டும், அப்புறம் நடத்திக்கொள்ளலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: தள்ளிப்போடாதீர்கள்.

2020 மார்ச்சில் பல நாடுகளில் மாணவர்களை வார்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். பாதுகாப்பு உடைக்கே தட்டுப்பாடு இருந்த நேரம், அந்த முடிவைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல், மூச்சுத்திணறலோடும் பயத்தோடும் ஆட்கள் இறந்துகொண்டிருந்ததும் அதே நாட்களில்தான். படிப்பு முடித்த கையோடு இந்த மாணவர்கள் போய் நிற்கப்போகும் இடம் அது.

மருந்து சம்பந்தப்பட்ட பகுதியை ஆன்லைனில் தாராளமாக நடத்தலாம். குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலின் தவிப்பைத் தணிக்கும், அளவு பார்த்துக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வழக்கமாக முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி வைப்போம். கொரோனா வார்டில் கிருமி பரவும் என்று அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். அப்படியானால் வேறென்ன செய்யலாம் என்று மாணவர்களையே யோசிக்க விடுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பேச்சுப் பயிற்சிக்கு. கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை 2000-லிருந்தே இருக்கிறது. அதை எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்காக உருவாக்கினார்கள். பெருந்தொற்றில் குடும்பத்துக்குச் செய்தி போவது போனில். அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுங்கள். முதலில், "இப்போது பேச முடியுமா? வண்டி ஓட்டிக்கொண்டு இருக்கிறீர்களா? கூட யாராவது இருக்கிறார்களா?" பிறகு, அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்பது. "நிலைமை கிரிட்டிக்கல்" என்று முடித்துக்கொள்ளாமல், "அப்பா இறந்துவிடக்கூடும் என்று பயப்படுகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்வது. சொன்னதும் பேசாமல் இருப்பது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எதிரில் அழுவது கண்ணுக்குத் தெரியாததால், மௌனம் தாங்காமல் ஆக்ஸிஜன் அளவுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்தி, மறுபடி செய்ய வையுங்கள்.

இந்தப் பயிற்சியில் தேறிய மாணவர்களுக்கு உண்மையான வேலை கொடுங்கள். ஒரு மூத்த மருத்துவர் இணைப்பில் இருக்க, தினமும் குடும்பத்தைக் கூப்பிட்டு நிலைமை சொல்வது. நோயாளியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எதை நினைத்துக் கவலைப்படுவார் என்று கேட்டு வார்டுக்குத் தெரிவிப்பதும் அவர்கள் வேலையாகட்டும். வலிக்கு உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் என்று பல முகங்கள் உண்டு என, இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1960-களிலேயே சொன்னது அந்த போன் பேச்சில் மாணவர்களுக்குப் பிடிபடும். மரணச் செய்தியை மட்டும் மாணவரிடம் விடவே கூடாது. கடினமான அழைப்பு எதுவானாலும், அன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைத் திரையில் கற்க முடியாது. வார்டு திறந்ததும் அந்த நேரத்தை முதலில் ஈடுகட்டுங்கள். ஆன்லைனில் முடித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.