கணவர் கழுத்தை நெரித்ததாக ஒரு பெண் சொல்கிறார், கழுத்தில் காயமே இல்லை. மருத்துவமனையில் என்ன பார்க்க வேண்டும்?

கேட்டிருப்பவர் நர்சிங் கடைசி வருட மாணவர். கேஷுவாலிட்டி போஸ்டிங்கில் இப்படி ஒரு பெண் வந்ததாகவும், கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டதாகவும், அது சரியா என்றும், ஆணாக இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். நான் தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். அப்படி அனுப்பியது சரியில்லை தம்பி.

கழுத்தில் அடையாளம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை எடுத்துப் பார்த்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு வெளியே தெரியும் காயமே இல்லை, இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஃபோட்டோவில் விழாத அளவுக்கு லேசாகத்தான் இருந்தது. நம் ஊர்த் தோல் நிறத்தில் சிவப்பும் கன்றலும் இன்னும் குறைவாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. கழுத்துச் சிரையை அடைக்க 2 கிலோ அழுத்தம் போதும், மூளைக்குப் போகும் தமனிக்கு 5 கிலோ, மூச்சுக்குழாயை அடைக்கத்தான் 15 கிலோ வரை வேண்டும் என்று தடயவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியென்றால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்கு ரத்தம் நின்றுபோகலாம், பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம். "மூச்சு விட முடிஞ்சுது சிஸ்டர், அதனால ஒண்ணும் ஆகலை" என்று அந்தப் பெண்ணே சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் யாரும் வந்து "கழுத்தை நெரிச்சார்" என்று சொல்ல மாட்டார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன், தொண்டை வலிக்குது, தலை சுத்துது என்றுதான் வருவார்கள், பக்கத்தில் கணவரோ மாமியாரோ நின்று அவருக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓ.பி. சீட்டு போட்டு வாங்க, மருந்து வாங்கிட்டு வாங்க என்று ஏதாவது சொல்லி அவர்களை வெளியே அனுப்புங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: "ஏம்மா, கழுத்துல கை வச்சாரா? துப்பட்டா, வயர் ஏதாவது போட்டு இறுக்கினாரா?" சுற்றி வளைத்து "வீட்ல ஏதாவது பிரச்சனையா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் இருட்டியதா, காதில் இரைச்சல் கேட்டதா, நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே ஞாபகம் இல்லையா, இதெல்லாம் கேளுங்கள். தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்பதைத் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். வெட்கத்தில் யாரும் தானாகச் சொல்வதில்லை, ஆனால் நினைவு தப்பியதற்கு அது முக்கியமான அடையாளம். கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், காதுக்குப் பின்னால், அண்ணத்தில், தலைமுடிக்குள் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்தில் இருக்கும் நகக்கீறல் பல நேரம் அந்தப் பெண்ணின் நகத்தாலேயே ஏற்பட்டதுதான், நெரித்த கையை விலக்கப் போராடியபோது பட்டது. தாலிக்கொடியோ மஞ்சள் கயிறோ அழுந்திய கோடு இருந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

இன்னொன்று, "தூக்கு மாட்டிக்கிட்டா, நாங்கதான் இறக்கினோம்" என்று கூட்டி வருவார்கள். தூக்கில் விழும் தடம் பொதுவாகக் குரல்வளைக்கு மேலே, முடிச்சை நோக்கிச் சாய்வாக ஏறும், முடிச்சு இருந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும். கயிறு போட்டு நெரித்தால் பெரும்பாலும் கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி ஓடும். எது நடந்தது என்று தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை, தடம் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று உள்ளபடி எழுதினால் போதும்.

சிகிச்சையில் நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று குரல்வளை வீக்கம், அது சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால் ஆக்சிஜன் அளவு 99 காட்டுகிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கரகரத்த குரல், எச்சில் வடிவது, மல்லாந்து படுக்க முடியாமை, மூச்சில் சத்தம் என்றால் தலையை உயர்த்தி வைத்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிவது. அன்று நன்றாக நடந்து போனவருக்குச் சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். இதை எக்ஸ்ரே காட்டாது, கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) வேண்டும். நினைவு தப்பியிருந்தாலோ குரல் மாறியிருந்தாலோ ஒரு பக்க இமை இறங்கியிருந்தாலோ அதை டியூட்டி டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள், உங்கள் இடத்தில் வசதி இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும். கர்ப்பிணி என்றால் குழந்தையையும் பார்க்க வேண்டும். சுளுக்கு என்று நினைத்து வீட்டில் தைலம் போட்டுக் கழுத்தை உருவக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஏ.ஆர். (காயத்தோடு வருபவர்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்ட்ரியில் "காயம் இல்லை" என்று ஒரே வரியில் முடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். "வெளிக்காயம் தெரியவில்லை, குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, நினைவு தப்பியதாகச் சொல்கிறார்" என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு கையா இரண்டு கையா, நெரிக்கும்போது கணவர் என்ன சொன்னார், எதனால் விட்டார் என்பதை அந்தப் பெண்ணின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் எந்தக் காயமும் பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 116ஆம் பிரிவின்படி கொடுங்காயம்தான். எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை என்று "சாதாரணக் காயம்" போட்டுவிட்டால் பிறகு கோர்ட்டில் அந்தப் பெண் எதை வைத்துப் பேசுவார்? ஏ.ஆர். போடுவது வேறு, புகார் கொடுப்பது வேறு என்பதையும், போலீசுக்குத் தகவல் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகார் கொடுப்பது அவர் முடிவு.

"குடும்பம்னா இப்படித்தான், அனுசரிச்சுப் போம்மா" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, முன்பு துணைவர் கழுத்தை நெரித்திருந்தால் அந்தப் பெண் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டியது. கன்னத்தில் அறைந்ததோடு சேர்த்து எண்ண வேண்டிய விஷயம் இல்லை இது. இதுக்கு முன்னாடி இப்படிச் செய்திருக்கிறாரா, இன்னைக்கு ராத்திரி எங்கே தங்குவீங்க, குழந்தைகள் யாரிடம் என்று கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்தையும் சொல்லுங்கள், ஆனால் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், அதைக் கணவர் வாங்கிப் படிப்பார். குடும்ப வன்முறைப் புகார்களில் பெண்களுக்கு உதவும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண் உங்கள் வார்டில் ஒட்டியிருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

ஆண் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். பெண் நர்ஸ் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், திரையை இழுத்துவிட்டு, நின்றுகொண்டு கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து கேளுங்கள், தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், குறிப்பாகக் கழுத்தைத் தொடுவதற்கு முன். உங்களிடம் சொல்ல விருப்பமில்லை என்று தெரிந்தால் கட்டாயப்படுத்தாமல் சிஸ்டரைக் கூப்பிட்டுவிடுங்கள், அதுவரை அவரைத் தனியாக வீட்டு ஆட்களோடு விட்டுப் போகாதீர்கள்.