முழு உடல் பரிசோதனையோடு கேன்சர் மார்க்கரையும் எடுத்துவிடலாமா?

வயது 43, உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை, மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு சிஏ-125, சிஇஏ, சிஏ 19-9 ஆகியவற்றையும் சலுகை விலையில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவர் அல்லன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன்.

கேன்சர் மார்க்கர் என்பது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள். சிஏ-125 சினைப்பைப் புற்றுநோய்க்கும், சிஇஏ பெருங்குடல் புற்றுநோய்க்கும், சிஏ 19-9 கணையப் புற்றுநோய்க்கும் முக்கியமாகப் பார்க்கப்படுபவை. ஆனால் இந்தப் பொருள்கள் புற்றுநோயில் மட்டுமே ஏறுபவை அல்ல. சிஏ-125 பொதுவாக 35 யூனிட்டைத் தாண்டினால் அதிகம் என்று அச்சாகும். ஆனால் மாதவிலக்கு நாட்களிலும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும், கருப்பை நார்க்கட்டியிலும், கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும்கூட அது தாண்டும். வயிற்றுக் காசநோயில் பல நூறுகளை எட்டுவதும் உண்டு. சிஇஏ புகைபிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தால் சிஏ 19-9 ஏறும். ரத்த அணுக்களில் காணப்படும் லூயிஸ் ஆன்டிஜென் என்ற பொருள் பிறவியிலேயே இல்லாத சிலருக்கோ கணையத்தில் புற்றுநோயே இருந்தாலும் ஏறாது. சினைப்பைப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு சிஏ-125 இயல்பாகவே இருக்கும் என்பதால், "நார்மல்" என்ற முடிவையும் நம்பி உட்கார முடியாது.

சினைப்பைப் புற்றுநோய் அரிது. 2,500 பெண்களில் ஒருவருக்கு அது இருப்பதாகவும், நோயில்லாத நூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே பரிசோதனை தவறாக எச்சரிப்பதாகவும் வைத்துக்கொண்டால்கூட, அந்த ஒருவரைத் தேடுவதற்காக 25 பேர் வீணாகக் கலங்க நேரிடும். கலக்கத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2011இல் வெளியான பெரிய ஆய்வில், சிஏ-125, ஸ்கேன் இரண்டையும் ஆண்டுதோறும் செய்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை; தவறான எச்சரிக்கை பெற்ற 3,285 பேரில் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு ஆளாகி, அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல்களும் ஏற்பட்டன. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்விலும் உயிரிழப்பு குறையவில்லை.

என் அண்ணி வேறோர் ஊரில் இப்படிப்பட்ட செக்கப் ஒன்றில் ரத்தம் கொடுத்து, சிஏ-125 அளவு 61 என்று வந்தது. அன்று அவருக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து எடுத்தபோது 24 என்று இறங்கியிருந்தது. அந்த ஒரு மாதத்துக்குள், நகை எந்த வங்கியில் அடகில் இருக்கிறது என்பது வரை அண்ணனுக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டார்.

மார்க்கர்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க சிஇஏ உதவுகிறது; கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனோடு, கல்லீரல் புற்றுநோய்க்கான மார்க்கரான ஏஎஃப்பி எடுப்பதும் வழக்கம். தாயாருக்கோ சகோதரிக்கோ மார்பகம் அல்லது சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் நிலை வேறு; மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். இல்லையெனில், அந்தப் பணத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான பரிசோதனையைச் செய்துகொண்டு, மார்பகத்துக்கான எக்ஸ்ரேயாகிய மேமோகிராம் எப்போது தொடங்கலாம் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.